பச்சை பிடிக்கும் வரை: புற்றுநோயோடு வேலைக்கும் வழக்கமான வாழ்க்கைக்கும் திரும்புவது எப்படி

நட்ட மறுநாளே எந்த நாற்றும் நிமிர்ந்து நிற்பதில்லை. ஒரு வாரம் பழுத்துத் துவண்டு கிடக்கும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். ஐம்பது வருடம் இதைப் பார்த்த காவிரி டெல்டா விவசாயிகூட, கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த அடுத்த வாரமே "இன்னும் தெம்பு வரலியே" என்று தன் உடம்பைத் திட்டிக்கொள்கிறார்.

"எப்பங்க வேலைக்குப் போவலாம்?" என்ற கேள்விக்கு ஒரு தேதி பதிலாகக் கிடைக்காது. எந்த வேலை, அதில் எந்தப் பகுதி, மருந்து ஏறி எத்தனையாவது நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும். சிகிச்சை நடுவில் இருப்பவர், முடித்தவர், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர், நோய் பரவியும் நடமாட்டத்தோடு இருப்பவர் எல்லோருக்கும் இந்தப் பிரிப்பு பொருந்தும். நோய் முழுதாகப் போன பிறகுதான் வாழத் தொடங்குவது என்று காத்திருந்தால் சிலருக்கு அந்த நாள் வராமலே போகலாம். அதனால் இருக்கிற உடம்பை வைத்தே கணக்குப் போடுவோம்.

முதலில் ஒரு மாதக் காலண்டர்

கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டர் ஒன்று, இரண்டு நிறப் பேனா. மருந்து ஏறிய நாளை 1 என்று போட்டு 21 வரை எண்ணி எழுதுங்கள். இது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போடுகிறவர்களுக்கான கணக்கு. வாரா வாரம் ஊசி போடுகிறவர்களுக்கும் தினசரி மாத்திரைக்காரர்களுக்கும் வேறு மாதிரி வரும். வார்டு நர்ஸிடம் கேட்டு அதே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்.

1 முதல் 3-ஆம் நாள் வரை பலருக்கும் ஒரு பொய்த் தெம்பு இருக்கும். வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் சேர்த்துத் தரும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு செய்கிற வேலை அது. ராத்திரி தூக்கம் வராது. விடிந்ததும் பரணைத் துடைக்கத் தோன்றும். "பாருங்க, எனக்கு ஒண்ணுமே இல்ல" என்று முதலாளிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் இந்த நாட்களில்தான். மாத்திரை நின்றதும் 4, 5-ஆம் நாளில் ஆளை அப்படியே சாய்த்துவிடும். ஸ்டீராய்டு நாட்களில் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.

7 முதல் 14-ஆம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் காலம். உடம்பு சோர்வில்லாமல்கூட இருக்கலாம்; ஆனால் கிருமியை எதிர்க்கும் காவல் இல்லை. காலண்டரில் இதைச் சிவப்பால் கட்டம் கட்டுங்கள். திங்கட்கிழமை மருந்து ஏறினால், அடுத்த ஞாயிறு முதல் அதற்கடுத்த ஞாயிறு வரை சிவப்பு. கூட்டம், சேறு, சாக்கடை, சளி பிடித்த பேரப்பிள்ளை எல்லாமே இந்த எட்டு நாளில் தள்ளி.

15 முதல் 21 வரையிலான வாரம்தான் பெரும்பாலானவர்களுக்குக் கையில் கிடைக்கும் நல்ல வாரம். வேலை, கல்யாணம், பேங்க், பத்திர ஆபீஸ் எல்லாவற்றையும் இங்கே தள்ளுங்கள். தினமும் படுக்கும் முன் தெம்புக்கு 10-க்கு எத்தனை என்று ஒரு எண் போடுங்கள். இரண்டு சுற்று முடிந்தால் உங்கள் உடம்பின் முறை கண்ணுக்கே தெரியும். அதற்கு முன் யாரும், டாக்டர் உட்பட, ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

இதன் மேல் பயிர்க் கணக்கை வையுங்கள். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவு ஜூன், ஜூலையில் வரும். சம்பா நடவு செப்டம்பர், அக்டோபரில். அறுப்பு தை, மாசியில். ஆறு சுற்றுக் கீமோ என்றால் ஏறக்குறைய நான்கு மாதம் ஓடும். வைகாசியில் தொடங்கியவர் குறுவையைக் குத்தகைக்கோ அண்ணன் தம்பியிடமோ விட்டுவிட்டு, சம்பாவுக்கு மேற்பார்வையோடு நுழைவது நடக்கக்கூடிய திட்டம். குறுவையையும் விடமாட்டேன், சம்பாவையும் விடமாட்டேன் என்பவர்தான் பாதியில் படுத்து, ஆள் கிடைக்காமல், இரண்டையும் விடுகிறார். வெளியே ஆள் கூலி கொடுப்பது வலிக்கும்தான். ஆனால் நடுவில் கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, விழுந்து பத்து நாள் வார்டில் கிடக்கும் செலவு அதைவிடப் பெரிது.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது

"வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டால் "லைட்டா பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். உங்கள் வேலை என்ன என்று அவருக்குத் தெரியாது. அசைவைச் சொல்லுங்கள்: "குனிஞ்சு மூணு மணி நேரம் களை எடுக்கணும்", "கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம் தூக்கணும்", "தறியில காலு மிதிக்கணும்", "டிவிஎஸ் ஃபிப்டியில இருபது கிலோமீட்டர் போகணும்." ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, எத்தனை வாரம் கழித்து என்று தனித்தனியாகக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்து, கடைசி ரத்தப் பரிசோதனையில் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: ஹீமோகுளோபின், நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு), தட்டணு (ரத்தத்தை உறைய வைப்பது). நியூட்ரோபில் 1000-க்குக் கீழே என்றால் சேறும் கூட்டமும் கூடாது. தட்டணு 50,000-க்குக் கீழே என்றால் அரிவாள், கடப்பாரை, தூக்குச் சுமை கூடாது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் நீங்கள் "சோம்பல்" என்று நினைத்தது சோம்பலே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள்: "ஞாயித்துக்கிழமை ராத்திரி காய்ச்சல் வந்தா எங்க போறது?" கீமோ காலத்தில் 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி தொட்டாலே உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் போட்டுப் பார்ப்பது, விடியட்டும் என்பது இரண்டுமே தப்பு. மாத்திரை சூட்டை மட்டும் இறக்கும், கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியம் "காய்ச்சல்" என்று இருக்கக் கூடாது. "கீமோ போட்டு பத்து நாள் ஆச்சு, காய்ச்சல் 101" என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இதற்குப் போதாது.

வயல்

டெல்டா வயலில் கீமோக்காரருக்கு மூன்று பகை: சேற்று நீர், வெட்டுக்காயம், மருந்து தெளிப்பு. எலி மூத்திரம் கலந்த நீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம், காலில் சிறு கீறல் இருந்தாலும் போதும். கவுன்ட் குறைந்த நாட்களில் வயலில் இறங்காமல் வரப்பில் நின்றே வேலை பார்க்கப் பழகுங்கள்: மடை திறப்பது, ஆள் கணக்கு, நாற்று முடி எண்ணுவது, டிராக்டர், நடவு இயந்திரம் பேசி முடிப்பது. நல்ல வாரத்தில் இறங்கினாலும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கை உறை. டெல்டாவில் பூட்ஸ் போட்டு வயலில் இறங்கினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிப்பதை முழுதாக வேறொருவரிடம் விடுங்கள். யூரியாவைக் கையால் வீசுவதும் உள்ளங்கை வெடித்திருப்பவர்களுக்கு ஆகாது. கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோலுரிவது உண்டு. மண்வெட்டிப் பிடியின் அழுத்தமும் சூடான வரப்பில் வெறுங்காலும் அதைக் கிளறிவிடும். எரிச்சல் தொடங்கும்போதே சொன்னால் டாக்டர் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வார். கொப்புளம் வரும்வரை பொறுத்தால் சிகிச்சையே தடைபடும். பொறுமைசாலிகள்தான் இங்கே அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

வெயில் இன்னொரு கணக்கு. ரேடியேஷன் வாங்கிய தோல் ஒரு வருடத்துக்காவது நேர் வெயிலைத் தாங்காது. சில கீமோ மருந்துகளும் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். காலை ஆறரை முதல் ஒன்பதரை, மாலை நாலரைக்கு மேல் என்று வேலையை இரண்டாக வெட்டுங்கள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ரேடியேஷன் பட்ட இடத்தில் மஞ்சள், சந்தனம், விபூதி, தேங்காய் எண்ணெய் எதையும் கேட்காமல் பூச வேண்டாம்.

நோய் எலும்புக்குப் பரவியவர்கள் சிப்பம் தூக்குவதையும் இடுப்பைத் திருகும் வேலையையும் விட்டுவிட வேண்டும், நல்ல நாளிலும் சரி. முதுகு வலியோடு கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, மூத்திரம் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருள். ஒரு நாள் தாமதம் கூட நடையை எடுத்துவிடலாம்.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் தளத்தில் தண்ணீர் கொடுக்கும் வேலை, பிள்ளை பார்க்கும் வேலை கேட்டுப் பார்க்கலாம். டாக்டர் சீட்டு கையில் இருந்தால் கேட்பது எளிது.

தறி, பட்டறை, கடை, ஆபீஸ்

பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் விரல் நுனி நரம்பைத் தாக்கும். மரத்துப்போகும், ஊசி குத்தும், சட்டைப் பொத்தான் போட வராது. வயலில் இருப்பவருக்கு இது தொந்தரவு. திருபுவனம் பட்டுத் தறிக்காரருக்கு இது பிழைப்பு. அறுந்த இழையை எடுத்து முடிவது கண்ணால் மட்டும் நடக்கும் வேலை இல்லை, விரல் சொல்ல வேண்டும். கால் மரத்தால் மிதி தப்பும், ஊடை பிசகும். திரும்பி வரும்போது கரை, புட்டா உள்ள சேலையில் தொடங்காதீர்கள்; சேலையின் பிளெய்ன் உடல் பகுதியில் தொடங்குங்கள். தறிக்கு மேல் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று கூடுதலாக மாட்டி, விரல் சொல்லாததைக் கண் சொல்லும்படி செய்யுங்கள். முதல் வாரம் ஒரு மணி நேரம் தறி, அரை மணி நேரம் எழுந்து நடை. பாவு பிணைப்பதை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும். மரப்பு அதிகமாகிக்கொண்டே போனால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். மருந்து முடிந்த பிறகும் சில மாதம் மரப்பு இருக்கும். பலருக்கு மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை, சுவாமிமலைச் சிற்பப் பட்டறையில் இருப்பவர்கள் மரத்த கையோடு உலைப் பக்கம் போகக் கூடாது. சூடு பட்டதே தெரியாது. மெழுகு, ராவுதல், கணக்கு என்று மாற்றிக்கொள்ளலாம். மரத்த காலுள்ள எல்லோருமே ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முள் ஏறி இரண்டு நாள் ஆகியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டும் முன், நின்ற வண்டியில் பிரேக்கைப் பத்து முறை பிடித்துப் பார்த்து, அழுத்தம் கையிலும் காலிலும் தெரிகிறதா என்று சோதியுங்கள். தூக்கம் தரும் வலி மாத்திரை தொடங்கிய முதல் சில நாளும், அளவு கூட்டிய நாளும் வண்டி வேண்டாம்.

அரிசி ஆலையிலும் களத்திலும் தவிட்டுத் தூசு. தொண்டை அறுவை செய்து கழுத்தில் துளை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகும்போது துளைக்கு மேல் ஈரமான மெல்லிய துணியோ வடிகட்டியோ இல்லாமல் போகக் கூடாது.

வயிற்றில் ஸ்டோமா பை (வயிற்றுத் துளை வழியாகக் கழிவு வந்து சேரும் பை) உள்ளவர்கள் வேலைக்குப் போக முடியும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்வதுதான் ரகசியம். நிறைய விட்டால் கனத்தில் ஒட்டு விடும். சித்திரை, வைகாசி வேர்வையில் ஒட்டு சீக்கிரம் நழுவும். வழக்கமாக நாலு நாள் தாங்கும் பை இரண்டு நாளில் விடும், அதற்கேற்பக் கூடுதலாக வாங்கி வையுங்கள், வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். வேட்டி, புடவை முடிச்சு துளைக்கு மேலோ கீழோ வர வேண்டும், குறுக்கே அல்ல. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை எங்கே, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதல் நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கனம் தூக்குவது அறுவைக்குப் பின் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் கூடாது. பிறகும் வயிற்றுப் பட்டை போட்டுத்தான்.

மேசை வேலை, கடைக் கல்லா, பள்ளிக்கூடம் என்பவர்களுக்கு மறதிதான் பெரிய சங்கடம். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், பில் இரண்டு முறை போடுவீர்கள். கீமோவுக்குப் பிறகு பலருக்கு வருவது இது. பைத்தியமும் இல்லை, முதுமையும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, சின்ன நோட்டு, காசு கணக்கை மட்டும் காலையில். ஆசிரியர்கள் முதல் மாதம் மதியப் பீரியட் இல்லாத கால அட்டவணை கேட்டுப் பாருங்கள்.

யாரும் எண்ணாத வேலை

பெண்கள் "நான் வேலைக்குப் போறதில்லீங்க" என்பார்கள். விடியலில் கோலம், குடத்தில் தண்ணீர், மாவு, சமையல், மாட்டுக்குத் தீனி, மாமியாருக்கு மருந்து. இந்த வேலைக்கு மருத்துவ விடுப்பே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாலையே தொடங்கிவிடும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கும் அபாயம் ஆயுளுக்கும் உண்டு. அதற்காகக் கையை அசைக்காமல் வைப்பது தப்பு. அரைக் குடத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எடை மெல்ல ஏறினால் கை தாங்கும், திடீரென்று ஏறினால் வீங்கும். வாரம் ஒருமுறை தையல் டேப்பால் மணிக்கட்டு, முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே, பத்து மேலே என்று இரு கையையும் அளந்து எழுதுங்கள். 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் காட்டுங்கள். அந்தக் கையில் இறுக்கமான வளையல், ரப்பர் பேண்ட் வேண்டாம். அடுப்படியில் துணிப்பிடி, தோட்டத்தில் உறை. கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருந்து வேண்டும்.

வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து வேலைப் பட்டியல் போட்டு, பேர் எழுதிப் பிரியுங்கள். "கேட்டா செய்வோம்ல" என்பார்கள். கேட்கவும் தெம்பு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மகளிர் குழுவில் கடன் உள்ளவர்கள் தவணை தவறுவதற்கு முன்பே தலைவியிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள். தவறிய பிறகு சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

தொடங்கும் மூன்று வாரம்

முதல் வாரம் வேலைக்குப் போகாமல் வேலைக்குப் பழகுங்கள். வழக்கமான நேரத்தில் எழுந்து, குளித்து, காலையில் பத்து நிமிடம் நடை, மாலையில் பத்து. புற்றுநோய்ச் சோர்வு தூங்கினால் தீராத சோர்வு. படுத்தே கிடந்தால் கூடும், நடந்தால் குறையும். விநோதமாகத் தோன்றினாலும் அதுதான் உண்மை. இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை நாள். மூன்றாவது வாரம் தினமும் அரை நாள், அல்லது வாரத்தில் நாலு நாள். முழு நாள் அதற்குப் பிறகுதான்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நல்ல நாளில். தெம்பு 8 என்று தோன்றும் நாளில் மிச்சம் கிடந்ததெல்லாம் செய்து, அடுத்த இரண்டு நாள் படுக்கை. பத்து நாள் ஓடிய பிறகு பார்த்தால் மொத்த வேலை குறைவாகவே நடந்திருக்கும். நல்ல நாளில் வழக்கத்துக்கு மேல் கால் பங்குதான் கூட்டலாம். சோர்வு வரும் முன்பே உட்காருங்கள். வந்த பிறகு உட்கார்ந்தால் எழ நேரமாகும். மூன்று வாரமும் எண் ஏறவே இல்லையென்றால் ரத்தசோகை, தைராய்டு (கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்கள் முக்கியமாக), தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மனம் பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

காகிதம்

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். எத்தனை நாள், எந்த வேலை முடியாது, எது முடியும் என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்தால் போதும். "கல்லாவுல உக்காந்து பாக்குறேன், மூட்டை மட்டும் தம்பி எடுக்கட்டும், மூணு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நாள் வரமாட்டேன்" என்று கணக்காகச் சொன்னால் அவர் ஏற்பாடு செய்வார். "உடம்பு சரியில்ல, பாத்துக்குங்க" என்றால் மாற்று ஆள் தேடுவார்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்பட்டால் முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. அதன் பின், புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், 80 சதவீதம் வரை இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க வழி உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, நாலு சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதனால் சிகிச்சை தொடங்கியதும் கோபத்திலோ வெட்கத்திலோ வேலையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பலர் செய்யும் தப்பு அதுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. விவசாயத் தொழிலாளர்களும் நஞ்சை 2.5 ஏக்கருக்குள் உள்ள சிறு விவசாயிகளும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையோடு, சிகிச்சைக் கால உதவித்தொகை பற்றி கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பரிசோதனைச் சீட்டுகளை வருட வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். மூலத்தை எங்கும் கொடுக்காமல் நகல் மட்டும்.

சென்னைக்குச் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ரயில்வே சலுகைப் படிவம் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை. கூட வருபவருக்கு 75 சதவீதம். கவுன்டரில் எடுத்தால்தான் கிடைக்கும், மொபைலில் எடுத்தால் கிடைக்காது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்கள் உழவன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் வாங்கிப் படுத்துக்கொண்டு போவதை விட்டு, ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து போய் முதல் நாளே சோர்ந்துபோவது வீண்.

காபி, பழையது, வெற்றிலை

நாக்கில் இரும்புத் துரு மாதிரி ருசி, வாயில் புண், தாளிக்கும் வாசனையே ஆகாமை. இதில் காபியைக் கைவிட வேண்டாம். ஆற்றி, வெதுவெதுப்பாக, அரை டம்ளர். டபரா எதற்கு இருக்கிறது? உணவுக்குழாய் நோயுள்ளவர்கள் கொதிக்கக் கொதிக்க எதையும் குடிக்கக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி. ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாளுக்கு ஐஸ் மோர், ஜிகர்தண்டா, பிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். தொண்டை இறுகும், விரல் மின்சாரம் பட்டது போலாகும்.

வாய்ப்புண்ணுக்கு: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா. சாப்பிட்ட பிறகும் இடையிலும் கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாகக் கலக்கவும். கடையில் விற்கும், ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் எரியும், உலர்த்தும்.

பழைய சோறு சிவப்புக் கட்ட நாட்களில் வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியில் ஊறும் சோற்றில் நல்ல கிருமி மட்டும்தான் வளரும் என்ற உத்தரவாதம் இல்லை. பதினைந்தாம் நாளுக்கு மேல், கவுன்ட் சரி என்றால், காய்ச்சிய தண்ணீர் ஊற்றிய பழையதைச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடலாம். சிவப்பு நாளில் ஆசை தாங்காவிட்டால், அன்றே வடித்த சோற்றைக் கரைத்து, காய்ச்சிய பாலில் வீட்டில் உறையூற்றிய புது மோரும் உப்பும் விட்டுக்கொள்ளுங்கள். பழையது ஆகாது, ஆனால் பக்கத்தில் வரும். வெட்டி வைத்த பழம், தெருவோரத் தேங்காய்ச் சட்னி, நேரமான பிரசாதம் தவிர்க்கவும். சுடச்சுட இலையில் விழும் வெண்பொங்கலுக்குத் தடையில்லை. பம்ப்ளிமாஸ் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், கேட்டுச் சாப்பிடுங்கள். முள் சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைக் கரைக்கும் என்று வாட்ஸப்பில் வருவதற்கு ஆதாரம் கிடையாது. குடித்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெற்றிலை சீவல் விஷயத்தில் மட்டும் சமரசம் சொல்ல முடியாது. தஞ்சாவூர்ச் சீமையில் சாப்பாடு முடிந்ததற்கு அடையாளமே அதுதான், கும்பகோணம் கொழுந்து வெற்றிலை என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களில், சேர்த்தது. வாய், தொண்டை நோய் வந்தவர்களுக்குச் "சீவல் ஒரு சிட்டிகை" என்பது இல்லை. பந்தி முடிந்து கை தானாக வெற்றிலைத் தட்டுக்குப் போகும். அந்த நேரத்துக்கு இரண்டு ஏலக்காயோ கொஞ்சம் சோம்போ சட்டைப்பையில் இருக்கட்டும். வாய்ப்புண் இருக்கும்போது அதுவும் வேண்டாம்.

வீட்டுக்குள்

தனித் தட்டு, தனி டம்ளர் தேவையில்லை, புற்றுநோய் ஒட்டாது. கீமோ ஏறிய முதல் 48 மணி நேரம் மட்டும் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி, மூத்திரம் பட்ட துணியை உறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

கணவன் மனைவி உறவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, டாக்டரும் சொல்வதில்லை. தட்டணுவும் வெள்ளணுவும் சரியாக இருந்து மனமும் இருந்தால் தடையில்லை. கீமோ ஏறிய இரண்டு மூன்று நாள் ஆணுறை அவசியம். சிகிச்சைக் காலம் முழுவதும் கரு உண்டாகக் கூடாது. பெண்களுக்கு வறட்சியால் வலித்தால் மருந்துக்கடையில் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேளுங்கள், எண்ணெய் வேண்டாம். ஒன்றும் முடியாத வாரத்தில் பக்கத்தில் படுத்துக் கால் பிடித்துவிடுவதும் உறவுதான். கட்டிலைத் தனியாகப் பிரித்துப் போட்டுவிட்டால்தான் நோயாளிக்கு நிஜமாகவே நோயாளி என்று தோன்றும்.

ஆறும் திருவிழாவும்

ஆடிப்பெருக்குக்குப் படித்துறை போகலாம். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நரம்பில் விட்டுவைத்த குழாய்) இருந்தால் ஆற்றில் முழுக்கு கூடாது. கழுத்துத் துளை உள்ளவர்களுக்கு எந்த நாளிலும் கூடாது. தோலுக்கடியில் போர்ட் (மருந்து ஏற்றப் பதித்த சின்னக் கருவி) வைத்து, தையல் ஆறி, ஊசி இல்லாதிருந்தால் அதனால் தடையில்லை. கவுன்ட் மட்டும் பார்க்கவும். குறைந்திருந்தால் கரையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எடுத்துவந்த எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் சாப்பிட்டு, பூவை விட்டுவிட்டு வாருங்கள். புளியோதரை வாய்ப்புண்ணுக்கு எரியும், எலுமிச்சையும்தான். தேங்காய்ச் சாதம் ஒத்துக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு அரை மணி முன் போய், முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்புங்கள். முதல் பந்திச் சாப்பாடு சூடாக இருக்கும், கூட்டமும் ஏறியிருக்காது. தலைமுடி, எடை பற்றி விசாரிப்பவர்களுக்கு ஒரே பதிலை முன்பே யோசித்து வையுங்கள்: "வைத்தியம் நடக்குது, பரவால்ல. பொண்ணு எந்த ஊரு?" பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

திருவையாற்றுத் தியாகராஜர் இசை ஆராதனைக்கு ஜனவரியில் போகிறவர்கள் தரையில் சம்மணமிட்டு மூன்று மணி நேரம் உட்கார முடியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். மடக்கு நாற்காலி ஒன்று, பந்தலின் ஓரத்தில், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில். காலைப் பனிக்குச் சால்வை, கூட்டத்துக்கு முகக்கவசம், பிளாஸ்கில் காய்ச்சிய தண்ணீர். வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், வீட்டிலிருந்து கிளம்பும் முன் அதன் நேரப்படி போட்டுக்கொள்ளுங்கள். மார்பின் (morphine) என்ற வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மலச்சிக்கல் மருந்தை முந்தின ராத்திரியே மறக்காமல் போட்டிருக்க வேண்டும். கோஷ்டி கானம் முடியும் முன் எழ வேண்டியிருந்தால் எழுந்துகொள்ளுங்கள். ஆட்டோக்காரரை எங்கே நிற்கச் சொன்னோம் என்று கூட வந்தவருக்கும் தெரிந்திருக்கட்டும்.